சிட்ஜெஸ் திகில் பட விழா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் திரைப்படச் சங்கத்தில் திகில் படம் போடும் நாட்களில், படம் முடிந்து டீ குடிக்கும்போது பேச்சு எப்படியும் சிட்ஜெஸ் பக்கம் போய்விடும். போஸ்டரில் 'சிட்ஜெஸ் விழாவில் பரிசு பெற்றது' என்ற வரியைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள்தான் அதிகம். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். அந்த விழா எப்படி வளர்ந்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். அந்த இடங்களில் பதில் கொஞ்சம் நீளும்.

சிட்ஜெஸ்னு சொல்றீங்களே, அது எங்க இருக்கு? எப்ப நடக்குது?

ஸ்பெயினின் கத்தலோனியா பகுதியில், பார்சிலோனாவுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கடற்கரை ஊர் சிட்ஜெஸ். பார்சிலோனாவிலிருந்து புறநகர் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடலை ஒட்டிய பாறை மேட்டில் ஒரு தேவாலயம், கீழே மணல், பின்னால் வெள்ளையடித்த வீடுகளும் குறுகலான சந்துகளும். கோடையில் குளிக்க வருகிறவர்கள் போனபிறகு, அக்டோபர் முதல் பாதியில் பத்துப் பதினோரு நாள் விழா நடக்கும்.

1968 இல் தொடங்கியது. ஒரு வருடம்கூட விடாமல் நடந்து, 2017 இல் 50 ஆவது விழாவைக் கொண்டாடினார்கள். கொரோனா ஆண்டான 2020 இலும் நிறுத்தவில்லை. அரங்கில் குறைந்த இருக்கைகள், மீதிப் பேருக்கு இணையத்தில் திரையிடல் என்று சமாளித்தார்கள்.

பேய்ப் படத்துக்குன்னே தனியா ஒரு விழா எதுக்கு? மத்த விழாவுல போட்டா ஆகாதா?

இன்றைக்குப் போடுகிறார்கள். கான் விழாவிலேயே, உடல் சிதைவதையும் உருமாறுவதையும் காட்டிப் பயமுறுத்தும் 'உடல் திகில்' படத்துக்கு அதன் உச்சப் பரிசான தங்கப் பனை கிடைத்துவிட்டது (2021, தித்தான்). ஆனால் 1960களில் நிலைமை அப்படி இல்லை. திகில் படம் என்றால் மலிவான சரக்கு, இரண்டாம் தரத் தியேட்டரில் ஓடுவது, விமர்சகர்கள் எழுதத் தேவையில்லாதது என்ற எண்ணம்தான் இருந்தது. அந்தப் படங்களையும் நல்ல திரையில் போட்டு, இயக்குநரை மேடையேற்றி, மறுநாள் உட்கார்ந்து விவாதிக்க ஓர் இடம் தேவைப்பட்டது.

இன்னொன்று, 'திகில்' மட்டும் இல்லை. முதல் ஆண்டிலேயே விழாவின் பெயர் 'மிகைபுனைவு மற்றும் திகில் சினிமாவின் சர்வதேச வாரம்' என்கிற பொருளில்தான் இருந்தது. பேய், ரத்தம், அறிவியல் புனைகதை, மாயக் கதை, விசித்திரமான எதுவும் அதற்குள் வரும். பின்னால் பரிசுகளைப் பற்றிப் பேசும்போது இது உதவும்.

1968-ல ஸ்பெயின்ல சர்வாதிகாரம்தானே? எப்படி அனுமதிச்சாங்க?

பிராங்கோ ஆட்சிதான், 1975 வரை அவர் இருந்தார். திரைப்படத் தணிக்கை 1977 இல்தான் நீங்கியது. ஆனால் அந்த அரசிலேயே ஒரு முரண் இருந்தது. படங்களைத் தணிக்கை செய்ததும் வெளிநாட்டுப் பயணிகளை வரவழைத்ததும் ஒரே அமைச்சகம். பெயரே 'தகவல் மற்றும் சுற்றுலா அமைச்சகம்'. நாடு திறந்து கிடக்கிறது என்று வெளியே காட்டவும் வேண்டும், உள்ளே வாயை மூடவும் வேண்டும். கடற்கரை ஊரில் ஒரு சர்வதேச விழா என்பது முதல் தேவைக்குப் பொருந்தியது. சீசன் முடிந்த பிறகும் ஹோட்டல் அறைகள் நிரம்பும் என்ற கணக்கு ஊர்க்காரர்களுக்கும் இருந்தது.

இதே சிட்ஜெஸில் ஒரு வருடம் முன்பு, 1967 அக்டோபரில், திரைப்படப் பள்ளி மாணவர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. தணிக்கையும் அரசுப் பிடியும் இல்லாத சினிமா வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள், போலீஸ் வந்தது. அடுத்த ஆண்டு அதே ஊரில் ஓநாய் மனிதர்களும் ரத்தக் காட்டேரிகளும் திரைக்கு வந்தபோது அரசு அவ்வளவு பயப்படவில்லை. பேய்க் கதையில் அரசியல் இருக்காது என்று நினைத்திருக்கலாம். என் பார்வையில் அது தப்புக் கணக்கு. அடக்குமுறைக் காலத்தில் பயத்தைப் பற்றிப் பேசும் படத்தைவிட அரசியலான படம் எது?

அப்போதும் தணிக்கை சும்மா இருக்கவில்லை. 1968 இல் வந்த ஸ்பெயினின் புகழ்பெற்ற ஓநாய் மனிதப் படத்தில் நாயகன் ஒரு போலந்துப் பிரபு. ஓநாயாக மாறுகிறவன் ஸ்பெயின்காரனாக இருக்கக் கூடாது என்று தணிக்கையில் சொன்னதால்தான் அவனுக்கு வால்டெமார் தனின்ஸ்கி என்ற பெயர் வந்தது.

உலகத்துலயே முதல் திகில் பட விழா இதுதானா?

இல்லை. இத்தாலியின் திரியெஸ்தே நகரில் 1963 இலேயே அறிவியல் புனைகதைப் பட விழா தொடங்கிவிட்டது. ஆனால் அது 1980களின் தொடக்கத்தில் நின்று, 2000 இல்தான் மீண்டும் உயிர்பெற்றது. இடைவெளி இல்லாமல் நடந்துவரும் விழாக்களில் சிட்ஜெஸ்தான் மூத்தது என்று சொல்வது சரி.

அதன்பிறகு போர்ச்சுகலின் போர்ட்டோ (1981), பிரஸ்ஸல்ஸ் (1983), மாண்ட்ரியலின் ஃபான்டாசியா (1996), தென்கொரியாவின் புச்சியோன் (1997), லண்டனின் ஃப்ரைட்ஃபெஸ்ட் (2000), ஆஸ்டினின் ஃபன்டாஸ்டிக் ஃபெஸ்ட் (2005) என்று ஒவ்வொன்றாக வந்தன. ஐரோப்பிய விழாக்கள் சேர்ந்து 1987 இல் ஒரு கூட்டமைப்பும் தொடங்கின. சினிமாவின் ஆரம்பக் காலத்து பிரெஞ்சு மாயக் காட்சி இயக்குநர் மெலியெஸ் பெயரில் அவர்கள் கொடுக்கும் பரிசை நீங்கள் போஸ்டர்களில் பார்த்திருப்பீர்கள்.

ஆரம்பத்துலயே இவ்வளவு பெருசா இருந்துச்சா?

இல்லவே இல்லை. அந்தோனியோ ராஃபாலெஸ் தலைமையில் ஊர் ஆர்வலர்கள் சேர்ந்து நடத்திய ஒரு வார நிகழ்ச்சிதான் அது. ஊரில் ஏற்கெனவே இருந்த இரண்டு பழைய அரங்குகள் கைகொடுத்தன: எல் ரெதிரோ, எல் பிராதோ. இரண்டுமே 19 ஆம் நூற்றாண்டில் ஊர் மக்கள் தொடங்கிய மன்றங்களுக்குச் சொந்தமானவை. நாடகம், நடனம், கார்னிவல் எல்லாம் நடக்கிற இடங்கள். இன்றைக்கும் விழாப் படங்கள் அங்கே ஓடுகின்றன. பிறகு மெலியா ஹோட்டலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரும் அரங்கம் சேர்ந்தது. அது வந்தபிறகுதான் பெரிய படங்களின் முதல் காட்சியை அங்கே நடத்த முடிந்தது.

பின்னாளில் பொறுப்பு ஓர் அறக்கட்டளையிடம் வந்தது. நகராட்சியும் கத்தலோனிய அரசும் அதற்குத் துணையாக நிற்கின்றன. 2001 இலிருந்து ஆங்ஹெல் சாலா என்பவர் இயக்குநர் பொறுப்பில் நீண்டகாலம் இருந்துவருகிறார். ஒரே ஆளின் ரசனை இவ்வளவு காலம் தொடர்வதில் ஆபத்தும் உண்டு. ஆனால் எந்தப் படத்தை யாரிடம் கேட்டு வாங்கலாம் என்ற உறவுகள் வருடா வருடம் புதிதாகத் தொடங்கத் தேவையில்லை. வளர்ச்சியில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

நடுவுல பேரையே மாத்திட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே?

ஆமாம். 1990களின் பிற்பகுதியில் 'கத்தலோனியாவின் சர்வதேசத் திரைப்பட விழா' என்று பெயர் வைத்தார்கள். 'மிகைபுனைவு' என்ற சொல்லே காணாமல் போனது. திகில் அல்லாத பொதுப் படங்களுக்கும் ஒரு பிரிவு திறந்தார்கள். கத்தலோனியாவின் பெரிய விழா இது, எல்லா வகைச் சினிமாவும் இருக்கட்டும் என்ற நினைப்புதான் காரணம்.

பிறகு 'மிகைபுனைவு' பெயருக்குள் திரும்பி வந்தது. இந்தத் திரும்புதலைத்தான் விழாவின் வரலாற்றில் மிக முக்கியமான முடிவாக நான் பார்க்கிறேன். பொது விழா என்றால் அதே நாட்டில் சான் செபாஸ்டியன் இருக்கிறது, வெனிஸும் கானும் பக்கத்திலேயே இருக்கின்றன. அவர்களோடு போட்டி போட்டு இந்தச் சின்ன ஊர் என்ன செய்யும்? மிகைபுனைவுக்கு மட்டும் என்று நின்றால் உலகத்தில் இவர்களுக்கு நிகர் குறைவு. சிலர் இதை 'சுருங்கிப் போனார்கள்' என்கிறார்கள். நடந்தது நேர்மாறு. திரும்பி வந்தபிறகுதான் விழா இவ்வளவு பெரிதானது.

டாரன்டினோ படத்துக்கு அங்க ஆளுங்க எழுந்து போயிட்டாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். 1992 இல் அவருடைய முதல் படமான ரிசர்வாயர் டாக்ஸ் சிட்ஜெஸில் ஓடியது. காதை அறுக்கிற காட்சியின்போது எழுந்து போனவர்களில் ஒருவர் வெஸ் கிரேவன். நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட் எடுத்த அதே கிரேவன்! இன்னொருவர் ஒப்பனைக் கலைஞர் ரிக் பேக்கர். வாழ்நாள் முழுக்க செயற்கை ரத்தத்தோடும் கிழிந்த தோலோடும் வேலை செய்தவர். இத்தனைக்கும் கேமரா அந்தக் காதைக் காட்டவே இல்லை, சுவர்ப் பக்கம் விலகிக்கொள்கிறது.

அந்த ஆண்டு டாரன்டினோவுக்குச் சிறந்த இயக்குநர், சிறந்த திரைக்கதை இரண்டும் கிடைத்தன. சிறந்த படம் பெல்ஜியத்தின் மேன் பைட்ஸ் டாக். கொலைகாரன் ஒருவனைப் படப்பிடிப்புக் குழு பின்தொடரும் கதை. இரண்டிலும் பேய் இல்லை. பயம் எங்கே இருக்கிறதோ அங்கே போவது என்பதில் விழா அப்போதே தெளிவாக இருந்தது.

ஒரு விழாவுக்குப் போறதால யாராவது டைரக்டர் ஆயிருக்காங்களா? சும்மா சொல்றாங்களா?

இதற்குத்தான் எனக்குப் பிடித்த பதில் இருக்கிறது. 1993 இல் மெக்சிகோவிலிருந்து கியர்மோ தெல் தோரோ என்ற புது இயக்குநர், குரோனோஸ் என்ற தன் முதல் படத்தோடு சிட்ஜெஸுக்கு வந்தார். அவரைப் பேட்டி எடுக்க பதின்வயது தாண்டாத ஒரு பார்சிலோனாப் பையன் போனான். பெயர் ஹுவான் அந்தோனியோ பயோனா. பார்க்கச் சின்னப் பிள்ளையாக இருந்த அவன் கேட்ட கேள்விகள் தெல் தோரோவுக்குப் பிடித்துப்போயின. நட்பு அங்கே தொடங்கியது. உன்னால் ஒருநாள் படம் எடுக்க முடிந்தால், என்னால் உதவ முடிந்தால், உதவுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

பல வருடம் கழித்து பயோனா தி ஆர்ஃபனேஜ் திரைக்கதையோடு போனார். தெல் தோரோ இணைத் தயாரிப்பாளராகச் சேர்ந்தார். பட்ஜெட்டும் படப்பிடிப்பு நாட்களும் இரட்டிப்பாயின. 2007 சிட்ஜெஸ் விழாவின் தொடக்கப் படம் அது. பேட்டி எடுக்க வந்த பையன், 14 வருடம் கழித்து அதே ஊரில் மேடையில் நிற்கிறார். அப்புறம் ஜுராசிக் வரிசைப் படம், சொசைட்டி ஆஃப் தி ஸ்னோ எல்லாம் உங்களுக்கே தெரியும்.

அதே 2007 இல்தான் ரெக் படமும் ஓடியது. பார்சிலோனாவில் ஒரே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் எடுத்த படம். அதற்குச் சிறந்த இயக்குநர் பரிசு கிடைத்தது. வாங்கிய பலகேரோவும் பிளாசாவும் இந்த விழாவைப் பார்த்து வளர்ந்த தலைமுறை. ஒரு விழாவின் வளர்ச்சியை டிக்கெட் எண்ணிக்கையில் அளக்கிறவர்களிடம் நான் இந்த ஆண்டைத்தான் காட்டுவேன்.

தியேட்டர்ல உட்கார்ந்து பார்க்கிற அனுபவம் எப்படி இருக்கும்? அமைதியா இருப்பாங்களா?

அமைதியா? விழாவின் சின்னம் கிங் காங். படத்துக்கு முன்னால் வரும் விழா முன்னோட்டத்தில் அது தோன்றினாலே அரங்கம் கைதட்டும். தலை உருண்டால் கைதட்டல், பேய் கதவைத் திறந்தால் கூச்சல், வில்லன் செத்தால் விசில். ஆனால் உண்மையிலேயே பிடித்துப்போகிற படம் ஓடினால் அதே கூட்டம் மூச்சுவிடாமல் இருக்கும். நள்ளிரவில் தொடங்கி விடியும்வரை அடுத்தடுத்துப் படம் ஓட்டும் மாரத்தான்களும் உண்டு.

தெருவிலும் விழாதான். நம் ஊர்த் திருவிழா நாட்களில் கடைக்காரர் முதல் ஆட்டோ ஓட்டுநர் வரை அதே பேச்சாக இருப்பது போல, பேக்கரிக் கண்ணாடியிலும் மதுக்கடை வாசலிலும் பேய் முகங்கள் தொங்கும். ஒரு சனிக்கிழமை மாலை ஜோம்பி ஊர்வலம். ஒப்பனைக் கலைஞர்கள் வரிசையில் நிற்பவர்களுக்கு முகத்தில் காயம் வரைந்து விடுவார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பாக்களும் ஜோம்பியாக நடப்பார்கள்.

டிக்கெட் விலை எல்லாம் பணக்காரங்களுக்குத்தானா?

போட்டிப் படங்களுக்குக் கட்டணம் உண்டு, பெரிய படங்கள் சீக்கிரம் விற்றுப்போகும். ஆனால் பிரிகதூன் என்றொரு பிரிவு இருக்கிறது, அனுமதி இலவசம். குறும்படங்கள், ஆவணப்படங்கள், மறந்துபோன பழைய மலிவுப் படங்கள் எல்லாம் அங்கே. கையில் காசில்லாத கல்லூரிப் பிள்ளைகள் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். விழா எவ்வளவு வளர்ந்தாலும் இந்தக் கதவை மூடவில்லை.

சிட்ஜெஸ்ல ஜெயிச்ச படம்னு பார்த்தேன், ஒரு இடத்துலயும் பயமே வரலையே?

இரண்டாவது கேள்வியில் சொன்னதுதான்: விழா திகிலுக்கு மட்டும் இல்லை. 2009 இல் மூன், 2012 இல் ஹோலி மோட்டார்ஸ், 2016 இல் ஸ்விஸ் ஆர்மி மேன் என்று சிறந்த படப் பரிசு போயிருக்கிறது. இவற்றைப் பேய்ப் படம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பயம்தான் வேண்டும் என்றால் 2023 இல் வென்ற அர்ஜென்டினாவின் வென் ஈவில் லர்க்ஸ் பாருங்கள். தனியாகப் பார்க்க வேண்டாம்.

ஆசியப் படங்களுக்கு இந்த விழா திறந்துவிட்ட வழியையும் சொல்ல வேண்டும். 1999 இல் ஜப்பானின் ரிங்கு, 2004 இல் கொரியாவின் ஓல்ட்பாய் சிறந்த படங்கள். 2016 இல் ட்ரெயின் டு பூசன் இயக்குநர் யோன் சாங் ஹோவுக்குச் சிறந்த இயக்குநர் பரிசு. கொரிய அலை என்று எல்லோரும் பேச ஆரம்பித்ததற்கு முன்பே, சிட்ஜெஸ் ரசிகர்களுக்கு அந்தப் பெயர்கள் பழக்கம்.

இதே மாதிரி பிரான்ஸ்ல ஒரு விழா இருந்து நின்னு போச்சாமே? இது மட்டும் எப்படி நிலைச்சுது?

அவோரியாஸ். ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விடுதி. 1973 இல் அங்கே தொடங்கிய விழாவின் முதல் பெரும் பரிசு, அன்று யாருக்கும் தெரியாத ஸ்பீல்பெர்க்கின் டூயலுக்குப் போனது. எவ்வளவு நல்ல கண் பாருங்கள்! ஆனால் அடிப்படையில் அது விடுதியின் விளம்பரத்துக்காகப் பிறந்த விழா. விடுதிக்கு வேறு முகம் தேவைப்பட்டதும் 1993 உடன் முடிந்தது. அடுத்த ஆண்டு ஜெரார்மேர் என்ற வேறு ஊரில் அதன் வாரிசு விழா தொடங்கி இன்றும் நடக்கிறது.

சிட்ஜெஸும் சுற்றுலாக் கணக்கோடு பிறந்ததுதான், மேலே சொன்னேன். வித்தியாசம் என்னவென்றால், அங்கே ஊர் மக்களின் மன்றங்களில் படம் ஓடியது, பக்கத்து மாநகரத்துப் பிள்ளைகள் ரயிலேறி வந்து பார்த்தார்கள், அவர்களில் சிலர் இயக்குநர் ஆனார்கள். அவோரியாஸுக்கு விருந்தினர்கள் வந்தார்கள். சிட்ஜெஸுக்குச் சொந்தமாக ஒரு கூட்டம் இருந்தது.

எல்லாம் ஓடிடியில வருதே, இனிமே விழா எதுக்கு?

எல் ஓயோ என்ற ஸ்பெயின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தி பிளாட்ஃபார்ம் என்ற பெயரில் பார்த்திருப்பீர்கள். 2019 இல் டொராண்டோவின் நள்ளிரவுப் பிரிவில் மக்கள் விருது, அடுத்த மாதம் சிட்ஜெஸில் சிறந்த படம், 2020 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸ். உலகமே வீட்டுக்குள் பூட்டப்பட்டிருந்த வாரங்களில் அந்தப் படம் எல்லா நாட்டிலும் பேசப்பட்டது. முகம் தெரியாத இயக்குநரின் சின்னப் படத்தை ஓடிடிக் கடலில் யார் தேடிப் பிடிப்பார்கள்? விழாதான் முதலில் விரலைக் காட்டுகிறது.

இப்போது படம் தயாராவதற்கு முன்பே கைகொடுக்கும் வேலையும் நடக்கிறது. கதையோடு வரும் புதியவர்களைத் தயாரிப்பாளர்களுக்கு அறிமுகப்படுத்தும் சந்திப்புகள் சிட்ஜெஸில் உண்டு. 2019 இலிருந்து கான் சந்தையோடு சேர்ந்து 'ஃபன்டாஸ்டிக் 7' என்ற ஏற்பாடும் இருக்கிறது. ஏழு விழாக்கள் ஆளுக்கொரு படத்தைக் கானில் முன்னிறுத்துகின்றன.

என்ன வேணா காட்டலாமா? எல்லையே கிடையாதா?

இந்தக் கேள்வி அந்த விழாவுக்கே நீதிமன்றம் வழியாக வந்தது. 2010 இல் செர்பியாவிலிருந்து வந்த ஒரு படத்தை வயது வந்தவர்களுக்கான காட்சியாகத் திரையிட்டார்கள். அதில் குழந்தைகள் மீதான கொடுமையைச் சித்திரிக்கும் காட்சிகள் இருந்தன. எல்லாம் பொம்மையும் தந்திரக் காட்சியும்தான். இருந்தும் 2011 இல் விழா இயக்குநர் மீது அரசு வழக்கறிஞர் குற்றம் சாட்டினார். திரையுலகமும் பிற விழாக்களும் அவர் பக்கம் நின்றன. பிறகு அந்த வழக்கு கைவிடப்பட்டது.

எனக்கு அந்தப் படம் பார்க்கத் தேவையில்லாத படம் என்ற கருத்து உண்டு. ஆனால் பெரியவர்கள் தெரிந்தே நுழைகிற அரங்கில், யாரையும் துன்புறுத்தாமல் எடுத்த கற்பனைக் காட்சிக்காக, தேர்வு செய்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது தவறு. தணிக்கையின் நிழலில் பிறந்த விழா அது. அவர்கள் அதில் விட்டுக்கொடுக்காததை நான் மதிக்கிறேன்.

இந்தியப் படம் எதுவும் அங்க போயிருக்கா? நம்ம குறும்படத்தை அனுப்பலாமா?

போயிருக்கிறது. 2018 இல் தும்பாட் அங்கே திரையிடப்பட்டது. அதற்கு முன்பே, 2007 இல், ஜலந்தரில் பிறந்த தர்சேம் சிங் இயக்கிய தி ஃபால் சிறந்த படப் பரிசையே வென்றது. அதில் ஜோத்பூரும் ஜெய்ப்பூரின் ஜந்தர் மந்தரும் வரும். ரெக், ஆர்ஃபனேஜ் வந்த அதே ஆண்டு என்பதைக் கவனியுங்கள், போட்டி எளிதாக இல்லை.

தாராளமாக அனுப்பலாம். மொழி தடை இல்லை, சப்டைட்டில் நன்றாக இருக்க வேண்டும். வெளிநாட்டு விழாவுக்கு நம் தணிக்கைச் சான்றிதழ் கேட்கப்படாது. அது இந்தியாவில் பொதுமக்களுக்குத் திரையிடத்தான் தேவை. குறும்படம் எடுப்பவர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: ஆஸ்கர் குறும்படப் பிரிவுக்குத் தகுதி தரும் விழாக்களின் பட்டியலில் சிட்ஜெஸும் இருக்கிறது. முனி, காட்டேரி, இசக்கி என்று நம்மிடம் இருக்கிற கதைகளை வெள்ளைக்காரப் பேய் மாதிரி மாற்றி அனுப்பாதீர்கள். தும்பாட் மராத்தி மண்ணின் மழையையும் பேராசையையும் வைத்துத்தான் அங்கே வரை போனது.

நம்ம ஊர்ல ஒன்னு ஆரம்பிக்கணும்னா எங்கிருந்து தொடங்கறது?

மும்பையில் பெண் படைப்பாளிகளை முன்னிறுத்தி வென்ச் என்ற திகில், அறிவியல் புனைகதை விழா நடக்கிறது. முதலில் அதைப் போய்ப் பாருங்கள். அப்புறம் சட்ட விஷயம். தணிக்கை ஆகாத படங்களை விழாவில் காட்ட, தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். படங்களின் சுருக்கத்தோடு, அவற்றைப் பார்த்துப் பரிந்துரைக்கும் குழுவும் தேவைப்படும். பதிவு செய்த பார்வையாளர்களுக்கு மட்டும்தான் காட்ட முடியும். இதற்கே சில வாரங்கள் போய்விடும். தேதி அறிவிப்பதற்கு முன்பே இதைத் தொடங்குங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை மல்டிபிளெக்ஸ் தேட வேண்டாம். ஒற்றைத் திரை தியேட்டரோ, நல்ல ஒலியமைப்புள்ள கல்லூரி அரங்கமோ போதும். இரவுக் காட்சி முடிந்து ஊருக்குப் போக பஸ் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கூட்டம் பாதியில் எழுந்தால் எந்தப் பேயும் பயமுறுத்தாது. முதல் ஆண்டு இரண்டு நாள், ஏழெட்டுப் படம். ஒவ்வொன்றுக்கும் உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி, திரையிடல் கட்டணம். அடுத்த ஆண்டும் அதே மாதம், அதே இடம். வாசலில் பேட்டி எடுக்கணும் என்று நோட்டுப் புத்தகத்தோடு ஒரு பள்ளிப் பையனோ பெண்ணோ வந்து நின்றால், இயக்குநர் எவ்வளவு களைத்திருந்தாலும் பத்து நிமிடம் உட்கார வையுங்கள்.